குலமும் ஓட்டமும்

முன்னுரை

தம் முன்னோரை நினைந்து பெருமிதங் கொள்ளுதல் எந்நாட்டு மக்களுக்கும் உள்ளதோர் இயல்பு. ஆயின், ஒரு விலங்கின் தாயும் தந்தையும் பாட்டனும் பூட்டனும் இன்னின்னார் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் எழுதிக் காத்துவரும் வழக்கம் பலர்க்கு வியப்பளிக்கும். அவ்வாறு ஏடு பெற்ற விலங்கு இங்கிலாந்தில் தோன்றிய பந்தயக் குதிரையாகும். ஆங்கிலேயர் அதனைத் 'தரோபிரெட்' என்பர். குறைவறப் பேணி வளர்க்கப்பெற்ற இனம் என்பது அச்சொல்லின் கருத்து.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் நலம். ஓரிரவு விடுதியில் உணவு முடிந்த பின்னர் மாணவர் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு, பிறப்பு பெரிதோ திறமை பெரிதோ என்னும் வாதத்தில் வந்து நின்றது. எமக்கு மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, பந்தயக் குதிரையைப் பார். வாங்குவோர் அதன் காலைப் பார்க்குமுன் குலத்தைப் பார்க்கின்றனர். விலங்கிற்கே குலம் வேண்டும் என்றால் மனிதனுக்குச் சொல்ல வேண்டுமோ?" என்றார். சூழ இருந்தோர் நகைத்தனர். எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. எம் குடும்பத்தில் எமக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இலர். ஆதலின் அவ்வினா எம்மை உறங்கவிடவில்லை. மறுநாள் நூல்நிலையம் புகுந்தோம். குதிரையைப் பற்றி யாதும் அறியாதிருந்த யாம், சில வாரங்கள் பயின்று அறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றோம். பணம் வைத்தாடும் சூதினைப் பற்றிப் பேச வந்தோம் அல்லோம்; அதனால் அழிந்த குடும்பங்களை எல்லோரும் அறிவர். எம் ஆராய்ச்சி குதிரையின் மரபு பற்றியதே.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. குதிரையின் பெண்பாலைப் 'பெட்டை' என வழங்குதல் மரபு என்பது தொல்காப்பிய மரபியலால் அறியப்படும். ஆதலின் அச்சொல்லையே ஆள்வோம். இனம் பெருக்குதற்கென்று வைத்துப் பேணும் ஆண்குதிரையைப் 'பொலிகாளை' என்னும் உலக வழக்கையொட்டிப் 'பொலிகுதிரை' என்போம்.

மூன்று தந்தையர்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரும் பிரபுக்களும் குதிரைப் பந்தயத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தனர். இரண்டாம் சார்லஸ் மன்னர் நியூமார்க்கெட் என்னும் ஊரில் 1671ஆம் ஆண்டில் தாமே குதிரை ஏறிச் செலுத்திப் பந்தயம் ஒன்றில் வென்றார் எனின், அவ்விருப்பத்தின் மிகுதி விளங்கும். அந்நாட்டிலும் அயர்லாந்திலும் விரைந்தோடும் நாட்டுக் குதிரைகள் முன்னரே இருந்தன. அவற்றோடு அரேபியா, துருக்கி, வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆகிய நாடுகளிலிருந்து வந்த குதிரைகளைக் கலந்தால் இன்னும் சிறந்த குட்டிகள் பிறக்கும் என்று பிரபுக்கள் கண்டனர். கீழ்நாட்டுப் பொலிகுதிரைகள் கப்பலேறி வந்தன. அவற்றுள் மூன்றன் ஆண்வழி மட்டுமே இன்றுவரை அறாது வந்துள்ளது. அதனால் அம்மூன்றும் தரோபிரெட் இனத்தின் தந்தையர் எனப்படுகின்றன.

முதலாவது, பையர்லி டர்க். ராபர்ட் பையர்லி என்னும் படைத்தலைவர் 1690இல் அயர்லாந்தில் நிகழ்ந்த பாயின் போரில் இதன்மேல் ஏறிச் சென்றார். துருக்கியரிடமிருந்து போரில் கைப்பற்றப்பட்டது என்பது இதனைப் பற்றி வழங்கும் செய்தி. போர் முடிந்தபின் இது பொலிகுதிரையாயிற்று.

இரண்டாவது, டார்லி அராபியன். சிரியா நாட்டு அலெப்போ நகரில் வணிகம் செய்துவந்த தாமஸ் டார்லி என்பார் இதனை வாங்கி, 1704இல் யார்க்ஷயரில் ஆல்ட்பி பார்க் என்னுமிடத்தில் வாழ்ந்த தம் குடும்பத்தார்க்கு அனுப்பினார். இதன் மகனாகிய பிளையிங் சில்டர்ஸ் அக்காலத்தில் இணையற்ற விரைவுடையது எனப் பெயர் பெற்றது.

மூன்றாவது, கோடால்பின் அராபியன். இது பிரான்சு நாட்டின் வழியாக இங்கிலாந்து சேர்ந்து, இறுதியில் கோடால்பின் பிரபுவின் லாயத்தை அடைந்தது. பாரிசு நகரத் தெருக்களில் தண்ணீர் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது என ஒரு கதை இதனைப் பற்றி உண்டு. கதை எவ்வாறாயினும், 1753இல் இது இறந்தபோது கேம்பிரிட்ஜுக்கு அணித்தாகிய வாண்டில்பரியில் அடக்கம் செய்து கல் நாட்டினர் என்பது மெய். அக்கல் இன்றும் உள்ளது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. இம்மூன்றும் வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தவை. இவற்றோடு சேர்ந்த பெட்டைகளும் பலதிறப்பட்டவை. ஆதலின் தூய இனம் என்று உலகம் போற்றும் தரோபிரெட், தோன்றும்போதே கலப்பில் தோன்றியது. இதனை மறந்தோமாயின் இவ்வினத்தின் வரலாறு விளங்காது.

எக்லிப்ஸ்

மூன்று தந்தையரின் வழியும் மூன்று வழித்தோன்றல்களால் நிலைபெற்றன. பையர்லி டர்க்கின் வழியில் 1758இல் ஹெராடும், கோடால்பின் அராபியனின் வழியில் 1748இல் மாட்செமும், டார்லி அராபியனின் வழியில் 1764இல் எக்லிப்ஸும் பிறந்தன. இவற்றுள் எக்லிப்ஸின் வரலாறு விரித்துரைக்கத் தக்கது.

1764ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அவ்வாண்டில் கம்பர்லாந்து டியூக்கின் லாயத்தில் பிறந்த குட்டிக்குக் கிரகணம் என்னும் பொருள்பட 'எக்லிப்ஸ்' என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டே டியூக் இறந்தார். அவருடைய குதிரைகள் ஏலத்திற்கு வந்தன. வில்லியம் வைல்ட்மன் என்னும் கால்நடை வணிகர் அக்குட்டியை 75 கினிக்கு எடுத்தார். அது முரட்டுக் குணமுடையதாகையால் அதனை அடக்குவதே அரிதாயிருந்தது. ஐந்து வயது வரையில் அதனைப் பந்தயத்தில் விடவில்லை.

1769இல் எப்சம் களத்தில் அது முதன்முதல் ஓடியது. அக்காலத்தில் ஒரு பந்தயத்தைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முதல் ஓட்டத்தைக் கண்ட டென்னிஸ் ஓகெல்லி என்பவர் அடுத்த ஓட்டத்திற்கு முன், எக்லிப்ஸ் முதலில் வரும், ஏனையவற்றிற்கு இடமே இராது என்று கூறிப் பந்தயம் கட்டினார் என்பர். வென்ற குதிரைக்கு 240 கஜத்திற்கு மேல் பின்தங்கியவற்றிற்கு வரிசை குறிப்பதில்லை என்பது அந்நாளைய விதி. அவர் கூறியவாறே நிகழ்ந்தது. பின்னர் ஓகெல்லியே அக்குதிரையை விலைக்கு வாங்கினார். 1769, 1770 ஆகிய இரண்டாண்டுகளில் எக்லிப்ஸ் 18 பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் தோற்றதில்லை.

இதன் தந்தையாகிய மார்ஸ்க், டியூக் இறந்தபின் அற்ப விலைக்கு விற்கப்பட்டிருந்தது. அதனை ஒரு பொருளாக மதித்தவர் இலர். மகன் களத்தில் வென்ற பின்னரே தந்தையின் மதிப்பு உயர்ந்தது. அஃதாவது, தந்தையால் மகன் அறியப்படவில்லை. மகனால் தந்தை அறியப்பட்டது.

1789இல் எக்லிப்ஸ் இறந்தது. சார்லஸ் வியல் டி சேன்பெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதன் உடலை அறுத்து ஆராய்ந்து, எலும்புகளை அளந்து எழுதினார். அதன் இதயம் 14 ராத்தல் நிறையிருந்தது. இரண்டாண்டிற்குப்பின் இலண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். எக்லிப்ஸின் எலும்புக்கூடு இன்று அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ளது.

குலநூல்

எக்லிப்ஸ் இறந்து இரண்டாண்டு கழித்து, 1791இல், ஜேம்ஸ் வெதர்பி என்பார் குதிரைகளின் வமிசாவளியைத் தொகுத்து ஒரு முன்னூல் வெளியிட்டார். 1793இல் அதன் முதற்றொகுதி வந்தது. 'ஜெனரல் ஸ்டட் புக்' என்னும் அந்நூலை வெதர்பி நிறுவனத்தார் இன்றும் தொடர்ந்து வெளியிடுகின்றனர். தாயும் தந்தையும் ஏற்புடைய குலநூலில் இடம் பெற்றிருந்தாலன்றி ஒரு குட்டி தரோபிரெட் ஆகாது. குட்டி செயற்கைக் கருவூட்டலால் பிறந்ததாயின் அதனைப் பதிவு செய்யார். வடபாதி உலகில் பிறந்த எல்லாக் குட்டிகளுக்கும் ஜனவரி முதல் நாளிலும், தென்பாதி உலகின் நாடுகள் பலவற்றில் பிறந்தவற்றிற்கு ஆகஸ்டு முதல் நாளிலும் வயது ஏறும். இவ்வளவு கண்டிப்பான விதிகள் வேறு எவ்விலங்கிற்கும் அரிது.

காலவரிசையை நோக்குவோமாயின் ஓருண்மை புலப்படும். செயிண்ட் லெஜர் பந்தயம் 1776லும், ஓக்ஸ் 1779லும், டெர்பி 1780லும் தொடங்கின. குலநூலோ 1791இல் தோன்றியது. எனவே, ஓட்டம் முன்னது, ஏடு பின்னது. ஓடி வென்ற குதிரைகளின் பெயரை மறவாது காத்தற்பொருட்டே ஏடு எழுந்தது. ஏட்டில் பெயர் இருந்தமையால் எக்குதிரையும் வென்றதில்லை.

நாளடைவில் அவ்வேடே வாயிற்கதவு ஆயிற்று. 1908இல் நியூயார்க் மாகாணத்தில் சூதினைத் தடுக்கும் சட்டம் ஒன்று பிறந்தது. அதனால் அங்குப் பந்தயங்கள் நலிந்தன. அமெரிக்கக் குதிரைகள் பல இங்கிலாந்திற்கு வந்தன. ஆங்கிலப் பிரபுக்கள் அஞ்சினர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஏடுகள் பல அழிந்தமையால், அந்நாட்டுக் குதிரைகளின் பழைய வமிசாவளியில் இடைவெளிகள் இருந்தன. 16 ஆண்டுகள் அமெரிக்காவின் தலைசிறந்த பொலிகுதிரையாக விளங்கிய லெக்சிங்டனே அக்குறைக்கு உட்பட்டது. 1913இல் ஜெர்சி பிரபுவின் முயற்சியால் ஒரு விதி இயற்றப்பட்டது. முன்னரே நூலில் ஏறிய குதிரைகளிடம் தன் முன்னோர் எல்லோரையும் ஐயமறக் காட்டமாட்டாத குதிரைக்கு இனி நூலில் இடமில்லை என்பது அதன் சாரம். விலக்கப்பட்டவை 'அரைக்குலம்' எனப்பட்டன.

விளைவு யாது? மறு ஆண்டே, 1914இல், அவ்விதியால் அரைக்குலம் ஆன டர்பார் என்னும் குதிரை எப்சம் டெர்பியில் வென்றது. 1948இல், பரோடா மகாராஜாவுக்குரிய மை பாபு 'இரண்டாயிரம் கினி' பந்தயத்தையும், பிளாக் டார்க்வின் செயிண்ட் லெஜரையும் வென்றன. இரண்டும் நூலில் இடம் பெறாதவை. கீழானவை என்று தள்ளியவை மேலானவற்றை ஓட்டத்தில் வெல்லுமாயின், நூலுக்கு மதிப்பு எங்கே? 1949இல் அவ்விதியைத் தளர்த்திக் கதவைத் திறந்துவிட்டனர். கதவு அடைபட்டிருந்த 36 ஆண்டுகளில் நட்டம் அடைந்தவர் வெளியே நின்றவர் மட்டுமல்லர். உள்ளே இருந்தோரும் அந்நல்ல குருதியை இழந்தனர்.

மறக்கப்பட்ட தாயர்

இதுகாறும் தந்தையரைப் பற்றியே கூறிவந்தோம். யாம் பயின்ற நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே கூறுகின்றன. பொலிகுதிரை ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாதல் கூடும். பெட்டையோ ஏறத்தாழ 11 திங்கள் சுமந்து ஒரு குட்டியே ஈனும். அதனால் தந்தையின் பெயர் எங்கும் பரவுகின்றது. தாயின் பெயர் அடங்கிவிடுகின்றது. தொடக்கக் காலத்துப் பெட்டைகள் பலவற்றிற்குத் தனிப்பெயரும் இல்லை. இன்னாருடைய பெட்டை என்று உடையவர் பெயராலேயே குறித்துச் சென்றனர். ஆஸ்திரேலியராகிய புரூஸ் லோ என்பார் தாய்வழிகளைத் தொகுத்து எண்ணிட்டு வரிசைப்படுத்திய நூல் 1895இல் வெளிவந்தது. அதன் பின்னரே தாய்வழியைப் பலரும் கருதலாயினர்.

இந்நாளில் மரபணு ஆராய்ச்சி இவ்விடயத்தில் பேரொளி வீசியிருக்கின்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபுக்கூறு ஒன்றுண்டு. அஃது ஒய் நிறப்புரி எனப்படும். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்குச் செல்லும் கூறும் ஒன்றுண்டு. அஃது இழைமணி மரபணு எனப்படும். இவ்விரண்டையும் கொண்டு தந்தைவழியையும் தாய்வழியையும் தனித்தனியே அறியலாம். டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் பாட்ரிக் கன்னிங்ஹாம் முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இன்றைய தரோபிரெட் குதிரைகளின் ஆண்வழியில் நூற்றுக்கு 95 டார்லி அராபியனையே சென்று சேர்கின்றது. பெண்வழியில் நூற்றுக்கு 72 பத்துப் பெட்டைகளைச் சென்று சேர்கின்றது.

ஆண்வழி 95 என்று கேட்டவுடன், குதிரைகளின் குருதி பெரும்பாலும் டார்லி அராபியனுடையது என்று எண்ணிவிடுதல் கூடாது. ஒரு குதிரைக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் என்று இரட்டித்துச் சென்றால், பத்தாந் தலைமுறையில் 1,024 முன்னோர்க்கு இடம் உண்டு. அவருள் தந்தையின் தந்தையின் தந்தை என்று நேரே செல்லும் வழியில் நிற்பவர் ஒருவரே. எஞ்சிய 1,023 இடங்களில் இருப்பவரும் முன்னோரே அன்றோ? மொத்தக் குருதியைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, டார்லி அராபியனின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 7 என்றும், ஆண்வழி இன்று மிக அருகிப்போன கோடால்பின் அராபியனின் பங்கு ஏறத்தாழ 14 என்றும் கண்டனர். பெயர் தந்தவர் ஒருவர். குருதி மிகுதியாகத் தந்தவர் மற்றொருவர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 2010இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எம்மெலின் ஹில் முதலியோர், தசையின் வளர்ச்சியை அடக்கியாளும் மரபணு ஒன்று குதிரையின் ஓட்டத்தோடு தொடர்புடையது என்று கண்டறிந்தனர். அதற்கு இரு வகை உண்டு. ஒரு வகையை இருமடியாகப் பெற்ற குதிரை குறுந்தூரத்தில் மிக விரைந்தோடும். மற்றதை இருமடியாகப் பெற்றது நெடுந்தூரம் தளராது ஓடும். இரண்டும் கலந்து பெற்றது இடைத்தூரத்திற்கு ஏற்றது. குறுந்தூர விரைவைத் தரும் வகை எங்கிருந்து வந்தது? 2012இல் வெளியான ஆராய்ச்சி அதற்கு விடை கூறியது. அராபியப் பொலிகுதிரைகளிடமிருந்து வந்ததன்று. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் பிரித்தானிய நாட்டினத்தைச் சேர்ந்த ஒரு பெட்டையிடமிருந்து அது வந்திருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இச்செய்தியைப் படித்தபோது யாம் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிதுநேரம் வாளா இருந்தோம். மூன்று தந்தையர்க்கும் ஓவியம் எழுதினர், கல் நாட்டினர், கதை கட்டினர். உலகம் வியக்கும் விரைவைத் தன் வயிற்றில் சுமந்து தந்த பெட்டையின் பெயர் எவர்க்கும் தெரியாது.

1973இல் பெல்மாண்ட் பந்தயத்தின் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 குதிரை நீள இடைவெளியில் வென்ற செக்ரடேரியட் என்னும் அமெரிக்கக் குதிரையின் வரலாறும் இதற்குச் சான்றாகும். அக்காலவளவை அப்பந்தயத்தில் இன்னும் எக்குதிரையும் விஞ்சவில்லை. அதன் ஆண்மக்கள் தந்தையின் பெயரைக் காப்பார்கள் என எதிர்பார்த்தனர், அவ்வெதிர்பார்ப்பு முற்றுப்பெறவில்லை. ஆனால் அதன் பெண்மக்கள் வயிற்றில் ஏ. பி. இண்டி, ஸ்டார்ம் கேட் ஆகிய பெரும் பொலிகுதிரைகள் பிறந்தன. பெட்டைகளின் வழியேதான் செக்ரடேரியட்டின் குருதி ஓங்கியது.

விலையும் வெற்றியும்

இனி, குலத்தைக் கண்டு விலை கூறுவோரின் கணிப்பு எத்துணை மெய்யாயிற்று என்று காண்போம்.

மேன் ஓ வார் என்னும் குதிரை 1917இல் அமெரிக்காவில் பிறந்தது. உடையவர் முதல் உலகப் போரின் பணிக்குச் சென்றமையால் அது 1918இல் சரடோகா ஏலத்தில் 5,000 டாலருக்கு விலைபோயிற்று. 21 பந்தயங்களில் 20இல் வென்றது. ஆயினும் லெக்சிங்டனின் குருதி அதனிடம் இருந்தமையால், முன்கூறிய ஜெர்சி விதியின்படி அதுவும் 'அரைக்குலமே'. கோடால்பின் அராபியனின் அருகிவந்த ஆண்வழியைத் தாங்கி நின்றதும் இக்குதிரையே.

பார் லாப் 1926இல் நியூசிலாந்தில் திமாரு நகருக்கு அருகில் பிறந்தது. அதன் தந்தையாகிய நைட் ரெய்ட் களத்தில் பெயர் பெற்றதன்று. குட்டி 160 கினிக்கு விலைபோயிற்று. முதல் நான்கு பந்தயங்களிலும் பரிசு வரிசையில் வரவில்லை. பயிற்சியாளர் ஹாரி டெல்போர்டு அதனை மணல் மேடுகளில் ஓட்டிப் பழக்கினார். டாமி வுட்காக் என்னும் இளைஞர் அதனைத் தம் பிள்ளைபோல் பேணினார். ஐந்தாவது பந்தயத்தில் வென்றது. அதன்பின் 51 பந்தயங்களில் 37 வெற்றி என்னும் கணக்கை எட்டியது. பொருளாதார வீழ்ச்சியால் ஆஸ்திரேலிய மக்கள் வாடியிருந்த 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்று அவர்களுக்கு மகிழ்ச்சி தந்தது. 1932இல் கலிபோர்னியாவில் திடீரென நோயுற்று இறந்தது. அதன் இதயம் 6.2 கிலோகிராம், பொதுவாகக் குதிரையின் இதயம் 4 கிலோகிராம் அளவினதே. அவ்விதயம் கான்பெராவிலும், தோல் மெல்போர்னிலும், எலும்புக்கூடு வெலிங்டனிலும் காட்சிச்சாலைகளில் வைக்கப்பட்டுள்ளன.

நார்தர்ன் டான்சர் 1961இல் கானடாவில் பிறந்தது. குட்டை உருவம் கண்டு, குறித்த விலையாகிய 25,000 டாலருக்கு அதனை வாங்குவார் இலர். ஆகவே உடையவரே வைத்துக்கொண்டார். அது 1964இல் கென்டக்கி டெர்பியை 2 நிமிடத்தில் ஓடி வென்றது. அதன் மகன் நிஜின்ஸ்கி 1970இல் இங்கிலாந்தின் முப்பெரும் பந்தயங்களை வென்றது. மற்றொரு மகனாகிய சாட்லர்ஸ் வெல்ஸின் மகன் கலிலியோ. கலிலியோவின் மகன், 14 பந்தயங்களில் ஒன்றும் தோலாத பிராங்கல்.

இவற்றிற்கு மறுதலையாகவும் சான்றுகள் உள. 2006இல் கிரீன் மங்கி என்னும் இளங்குதிரை 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அது மூன்று முறை ஓடியது; ஒன்றிலும் வெல்லவில்லை. 1983இல் 1 கோடியே 2 இலட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட ஸ்னாபி டான்சர் ஒரு பந்தயத்திலும் ஓடவேயில்லை.

இவை தனிச் செய்திகள்தாமே எனலாம். ஆதலின் கணக்காகவும் ஆராய்ந்துள்ளனர். 2008இல் வெளியான ஆராய்ச்சியொன்று, குதிரைகள் வாழ்நாளில் ஈட்டிய பரிசுப் பணத்தின் வேறுபாட்டில் பிறப்பால் வந்த பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 10 என்று கணித்தது. எஞ்சிய 90 யாது? உணவு, பயிற்சி, ஏறிச் செலுத்துவோன், தக்க களத்தைத் தெரிந்து ஓட்டுதல், உடல்நலம், வாய்ப்பு ஆகியவையே. பிறப்பிற்குப் பங்கு இல்லை என்பது பொய். பிறப்பே எல்லாம் என்பதும் பொய்.

அடைத்த குலத்தின் இடர்

பெருகிய புகழால் ஓர் இடரும் விளைந்துள்ளது. வென்ற குதிரையின் குட்டியையே எல்லோரும் விரும்புவர். அதனால் சில பொலிகுதிரைகளிடமே பெட்டைகள் குவிகின்றன. 2020இல் வெளியான ஆராய்ச்சியில் பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 தரோபிரெட் குதிரைகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 97இன் வமிசாவளியில் நார்தர்ன் டான்சர் இருப்பதும், கடந்த ஐம்பதாண்டுகளில் நெருங்கிய உறவுக் கலப்பு மிகுந்திருப்பதும் புலனாயின. பிராங்கலுக்குத் தந்தைவழியிலும் தாய்வழியிலும் நார்தர்ன் டான்சரே முன்னோர். இத்தகைய கலப்பால் நற்பண்பு இரட்டித்தல் போலவே மறைந்திருந்த குறையும் இரட்டிக்கும். ஊற்றடைந்த கிணறு எத்துணை ஆழமாயினும் நாளடைவில் நீர் கெடும்.

இதனைக் கண்டு அஞ்சிய அமெரிக்க ஜாக்கி கிளப்பார், 2020இலும் அதன் பின்னும் பிறக்கும் பொலிகுதிரைகள் ஓராண்டில் 140 பெட்டைகளுக்கு மேல் சேர்தல் கூடாது என்று விதித்தனர். வழக்கும் எதிர்ப்பும் எழவே 2022இல் அவ்விதியைக் கைவிட்டனர். பொருளாசை வென்றது.

விரைவு ஒன்றையே நாடி வளர்த்ததன் விலையைக் குதிரையே கொடுக்கின்றது. ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள உடலை மெல்லிய கால்கள் தாங்கிக்கொண்டு பறக்கின்றன. 1975இல் ரபியன் என்னும் இளம் பெட்டையும், 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற இரண்டே வாரத்தில் பார்பாரோவும் ஓடும்போதே கால் முறிந்தன. ரபியன் விரைவிலேயே இறந்தது. பார்பாரோ பல திங்கள் துன்புற்று 2007 ஜனவரியில் உயிர் நீத்தது. புகழ்ப்பட்டியலை எழுதும் கை இவற்றையும் எழுதுதல் கடன்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் அம்மூத்த மாணவரிடமே முதலில் காட்டினோம். அவர் பொறுமையோடு படித்து, "எல்லாஞ் சரி, தம்பி. ஆயினும் கழுதைக்குக் குதிரை பிறவாதே" என்றார். மெய்யே, அதனை யாம் மறுக்கவில்லை. "அண்ணா, நீங்கள் குதிரையைச் சான்றாகக் காட்டினீர்கள், ஆதலின் குதிரையின் விதியையே மனிதர்க்கும் வைத்துப் பாருங்கள். குதிரைக்குலத்தில் ஒவ்வொரு தலைமுறையும் களத்தில் இறங்கி ஓடிக் காட்டியே தன் பெயரைக் காத்தது. ஓடாத குதிரையை எக்லிப்ஸின் பேரன் என்று சொல்லி எவரும் முதற்பரிசு கொடுத்ததில்லை. நம் நாட்டில் குலம் பேசுவோர் ஓடிக் காட்டியா பேசுகின்றனர்? மற்றவரைக் களத்திற்குள் விட்டாவது பார்த்தனரா?" என்றோம். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர், "இதனையும் கட்டுரையில் எழுது" என்றார். எழுதிவிட்டோம்.

பிறிதொன்றும் உண்டு. குதிரைக்கு மனிதன் வகுத்த களம் ஒன்றே. அதில் விரைவு ஒன்றே அளவுகோல். மனிதனுக்குரிய களங்களோ எண்ணிறந்தன. ஏர் உழுவோனையும், ஏடெழுதுவோனையும், நோய் தீர்ப்போனையும், பாட்டுக் கட்டுவோனையும் ஒரே கோலால் அளத்தல் இயலாது. ஆதலின் குதிரைக்கு நூற்றுக்குப் பத்தளவு பொருந்தும் குலக்கணக்கு, மனிதனுக்கு அவ்வளவும் பொருந்தும் என்று துணிதற்கில்லை.

மாணவ நண்பர்களே, எம் விடுதியில் புகழ்வாய்ந்த குடும்பத்திலிருந்து வந்தவரும் உளர். பெயர் அறியப்படாத குடும்பத்திலிருந்து வந்தவரும் உளர். முன்னவர் தம் முன்னோரின் ஓட்டத்தைத் தாமும் ஓடிக் காட்டுதல் கடன். பின்னவர், ஏட்டில் தம் முன்னோர் பெயர் இல்லையே என்று நாணவேண்டுவதில்லை. பெயர் எழுதப்படாத அப்பெட்டை இல்லையேல், பெயர் எழுதப்பட்ட வெற்றிக் குதிரைகள் பல இல்லை. எம் பாட்டியார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயரும் எந்நூலிலும் இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, இக்குதிரைக் கதையை அவர்க்கு முதலிலிருந்து கூறலாம் என்றிருக்கின்றோம்.